செல் சவ்வு சுற்றுச்சுவர் அல்ல

பள்ளியில் செல்லை அறிமுகப்படுத்துவதற்கென்றே ஒரு படம் உண்டு. செல் ஒரு தொழிற்சாலை. உட்கரு மேலாளர் அறை, மைட்டோகாண்ட்ரியா மின் நிலையம், ரைபோசோம் உற்பத்திக் கூடம். எல்லாம் வரைந்து முடித்த பிறகு, ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு இழுக்கப்படும். அது சுற்றுச்சுவர்; பெயர் செல் சவ்வு. 'செல்லுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது, தேவையானவற்றை மட்டும் உள்ளே விடுகிறது' என்று எழுதினால் இரண்டு மதிப்பெண் கிடைத்துவிடும். அதற்கு மேல் அந்தக் கோட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

பள்ளியை விட்டு வெளியே வந்தாலும் இந்தப் படம் மாறுவதில்லை. மனித மரபணுத் தொகுதியைப் படித்து முடித்துவிட்டதாக 2003-இல் அறிவிப்பு வந்ததிலிருந்து, உயிர் என்றாலே டி.என்.ஏ. என்றாகிவிட்டது. குணம், நோய், பரம்பரை, எதிர்காலம் எல்லாம் உட்கருவுக்குள் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன; மற்றவை அந்த எழுத்தைப் பத்திரப்படுத்தும் பெட்டிகள். நாளிதழ்களின் அறிவியல் பக்கங்கள் முதல் மருத்துவமனைகளின் விளம்பரங்கள் வரை இதே தொனிதான்.

குழந்தைகளுக்காக எளிமைப்படுத்தியது என்று இதை விட்டுவிட முடியாது. எளிமைப்படுத்தினால் விவரம் குறையலாம். முக்கியமானதும் துணையானதும் இடம் மாறக் கூடாது. செல் ஆற்றலைச் சேர்ப்பது, வெளியிலிருந்து வரும் செய்தியைப் புரிந்துகொள்வது, நரம்பில் மின்துடிப்பை ஓட்டுவது, உப்பையும் நீரையும் அளவோடு வைத்திருப்பது ஆகிய எல்லாமே சவ்வின் வேலைகள். சவ்வு காவல் காக்க, அதற்குப் பின்னால் வேறு யாரோ செய்யும் வேலைகள் என்று இவற்றைச் சொல்ல முடியாது.

தவறு எங்கே தொடங்கியது? கண்ணுக்குத் தெரிந்தது பெரிதாகவும் தெரியாதது சிறிதாகவும் ஆனதுதான் காரணம். ராபர்ட் பிரவுன் 1831-இல் ஆர்க்கிட் செடியின் செல்களில் உட்கருவைக் கவனித்துப் பெயரிட்டார். சாயம் ஏற்றினால் அது பளிச்சென்று தெரியும். சவ்வின் தடிமனோ ஏறத்தாழ 5 நானோமீட்டர். சாதாரண ஒளி நுண்ணோக்கியால் சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழ் எதையும் பிரித்துக் காட்ட முடியாது. ஆகவே மின்னணு நுண்ணோக்கி வரும்வரை சவ்வு என்பது எவரும் பார்க்காமல் ஊகித்த பொருளாகவே இருந்தது. கொழுப்பில் எளிதாகக் கரையும் பொருள்கள் செல்லுக்குள்ளும் எளிதாக நுழைவதை 1890-களில் கண்ட எர்னஸ்ட் ஓவர்டன், செல்லின் எல்லை எண்ணெய்த் தன்மை கொண்டதாக இருக்க வேண்டும் என்றார். 1925-இல் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர் சிவப்பணுக்களிலிருந்து லிப்பிடு என்ற கொழுப்புப் பொருளைப் பிரித்தெடுத்து நீர்ப்பரப்பில் ஒற்றை மூலக்கூறு அடுக்காகப் பரப்பினார்கள். அணுக்களின் மேற்பரப்பைப் போல இரு மடங்கு பரப்பை அது நிரப்பியது. சவ்வு ஈரடுக்கு என்ற முடிவு அப்படித்தான் கிடைத்தது. அவர்கள் லிப்பிடை முழுமையாகப் பிரிக்கவில்லை. அணுவின் பரப்பையும் குறைத்தே மதிப்பிட்டார்கள். இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுகட்டியதால் விடை சரியாக வந்துவிட்டது.

ஈரடுக்கு என்று தெரிந்த பிறகும் சுவர் என்ற எண்ணம் போகவில்லை. 1935-இல் டேனியெல்லியும் டேவ்சனும் முன்வைத்த மாதிரியில், லிப்பிடின் இரு பக்கமும் புரதம் பூச்சுப் போல அப்பியிருந்தது. அதை உடைத்த சோதனை 1970-இல் வந்தது. ஃபிரையும் எடிடினும் ஒரு மனித செல்லையும் ஒரு சுண்டெலி செல்லையும் ஒன்றாக இணைத்து, இரண்டின் மேற்பரப்புப் புரதங்களுக்கும் தனித்தனி நிறத்தில் ஒளிரும் அடையாளம் இட்டார்கள். முதலில் பாதி ஒரு நிறம், பாதி மறு நிறம். உடல் வெப்பத்தில் 40 நிமிடம் வைத்தபோது இரு நிறமும் முழுக்கக் கலந்துவிட்டன. சுவரில் பதித்த கல் இப்படி இடம்பெயராது. சவ்வு என்பது லிப்பிடுகளும் புரதங்களும் நகர்ந்துகொண்டே இருக்கும் இருபரிமாணத் திரவம் என்று 1972-இல் சிங்கரும் நிக்கல்சனும் எழுதினார்கள். பாடநூல்கள் அந்தப் படத்தை அச்சிட்டன. பக்கத்திலேயே 'பாதுகாப்பு அளிக்கிறது' என்ற பழைய வாசகத்தையும் விட்டுவைத்தன.

மேலாளர் அறைதான் எல்லாம் என்பவர்களுக்குச் சிவப்பணுவே முதல் மறுப்பு. மனிதச் சிவப்பணு முதிரும்போது தன் உட்கருவை வெளியே தள்ளிவிடுகிறது. மைட்டோகாண்ட்ரியாவும் அதற்குக் கிடையாது. எஞ்சுவது ஒரு சவ்வு, அதன் உட்புறம் தாங்கும் ஸ்பெக்ட்ரின் என்ற புரத வலை, உள்ளே ஹீமோகுளோபினும் சில நொதிகளும். இந்த நிலையில் அது ஏறத்தாழ 120 நாள் வேலை செய்கிறது. தன்னைவிடக் குறுகலான நுண்குழாய்களுக்குள் நெளிந்து நுழைகிறது. வெளியே வந்ததும் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுத்து, தன் கன அளவைக் காத்துக்கொள்கிறது. அந்தப் புரத வலையில் பிறவிக் குறை இருந்தால் அணு உருண்டையாகி, மண்ணீரலில் சிக்கி அழிகிறது, இரத்தசோகை வருகிறது. உட்கரு இல்லாமல் நான்கு மாதம் ஓடும் செல், சரிசெய்ய முடியாத அளவுக்குச் சவ்வு கிழிந்தால் சில நிமிடம்கூடத் தாங்காது.

'மரபணு இல்லாததால்தான் 120 நாளில் தேய்ந்து போகிறது' என்று எதிர்வாதம் வரும். உண்மைதான். தேய்ந்த புரதத்துக்கு மாற்றுப் புரதம் செய்ய அதனிடம் குறிப்பு இல்லை. ஆனால் அந்த வாதம் மரபணுவை எங்கே கொண்டுபோய் வைக்கிறது என்று பார்க்க வேண்டும்: உதிரிபாகங்களுக்கான பட்டியலாக. முக்கியமான பட்டியல், சந்தேகமில்லை. அது இல்லாமலே நான்கு மாதம் நடந்த வேலை யாருடையது என்ற கேள்விக்கு அந்த வாதத்தில் பதில் இல்லை.

அடுத்தது ஆற்றல். மைட்டோகாண்ட்ரியாவை மின் நிலையம் என்று சொல்லிக் கடந்துவிடும் பாடம், மின்சாரம் எங்கே உண்டாகிறது என்பதை அழுத்திச் சொல்வதில்லை. உணவு எரியும்போது கிடைக்கும் ஆற்றல், செல் செலவழிக்கும் ஏடிபி என்ற மூலக்கூறாக மாறுவதற்கு நடுவில் ஏதோ ஓர் இடைநிலை வேதிப்பொருள் இருக்க வேண்டும் என்று நம்பி, உயிர்வேதியியலாளர்கள் ஆண்டுக்கணக்கில் அதைத் தேடினார்கள். கிடைக்கவில்லை. அப்படி ஒரு பொருளே இல்லை என்று 1961-இல் பீட்டர் மிச்செல் எழுதினார். உணவின் ஆற்றலைக் கொண்டு சவ்வின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் புரோட்டான்கள் தள்ளப்படுகின்றன. அவை திரும்பி வரும் விசையில் ஏடிபி உருவாகிறது என்றார். அதாவது, ஆற்றலைத் தேக்கி வைத்திருப்பது சவ்வின் இரு பக்கங்களுக்கும் இடையிலான வேறுபாடுதான். துறையில் பெரும்பாலோர் இதை ஏற்கவில்லை. மிச்செலோ இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், போட்மின் அருகே ஒரு பழைய மாளிகையைச் செப்பனிட்டு, அங்கேயே சிறிய ஆய்வகம் அமைத்துச் சோதனையைத் தொடர்ந்தார்.

விவாதத்தைத் திருப்பிப்போட்ட சோதனைகளில் ஒன்று 1974-இல் நடந்தது. எஃப்ரைம் ரேக்கரும் வால்டர் ஸ்டோக்கெனியஸும் சோயா லிப்பிடிலிருந்து நுண்குமிழிகள் செய்தார்கள். அதில் உப்பளங்களில் வாழும் நுண்ணுயிரிலிருந்து எடுத்த, ஒளி பட்டால் புரோட்டானைத் தள்ளும் ஒரு புரதத்தைப் பொருத்தினார்கள். கூடவே மாட்டு இதயத்தின் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து எடுத்த ஏடிபி செய்யும் நொதியையும் சேர்த்தார்கள். தாவரம், நுண்ணுயிர், விலங்கு என மூன்று உறவற்ற இடங்களிலிருந்து வந்த பாகங்கள். விளக்கைப் போட்டதும் ஏடிபி உருவானது. அந்தக் குமிழிக்குள் உட்கரு கிடையாது, டி.என்.ஏ. கிடையாது, இரண்டு புரதங்களுக்கும் நேரடித் தொடர்பும் கிடையாது. இரண்டையும் இணைத்தது ஓட்டையில்லாத ஒரு சவ்வு மட்டுமே. 1978-இல் மிச்செலுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்தச் சவ்வின் மேல் இருக்கும் அழுத்தத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் இரு பக்கத்துக்கும் இடையே சுமார் 150 மில்லிவோல்ட் வேறுபாடு. கேட்கச் சிறியது. ஆனால் அது 5 நானோமீட்டர் தடிமனுக்குள் அடங்கியிருக்கிறது. மீட்டர் கணக்கில் சொன்னால் 3 கோடி வோல்ட். உலர்ந்த காற்றின் மின்காப்பு உடைந்து பொறி பறக்க மீட்டருக்குச் சுமார் 30 லட்சம் வோல்ட் போதும். அதைப் போலப் பத்து மடங்கைத் தாங்கி நிற்கும் இந்தப் படலத்தின் புண்ணியத்தில், மனித உடல் ஒரு நாளில் ஏறத்தாழத் தன் எடைக்குச் சமமான ஏடிபியை மீண்டும் மீண்டும் செய்து செலவழிக்கிறது.

சவ்வில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும் என்பதை 1930-களில் அமெரிக்கர்கள் தங்கள் உடம்பிலேயே பார்த்தார்கள். டைநைட்ரோஃபீனால் என்ற வேதிப்பொருள் எடை குறைக்கும் மாத்திரையாக விற்கப்பட்டது. அது எந்த மரபணுவையும் தொடாமல், புரோட்டான்களைச் சுமந்துகொண்டு மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வுக்குள் குறுக்கு வழியில் கடத்திவிடும். உணவு எரியும், ஏடிபி சேராது, எரிந்ததெல்லாம் வெப்பமாகப் போகும். எடை குறைந்தது. அளவு சற்று மீறியவர்களில் சிலர் உடல் கொதித்து இறந்தார்கள். 1938-இல் அங்கே அதை மனிதர் உட்கொள்ளத் தடை வந்தது.

சுவர்க் கோட்பாட்டை மிகத் தெளிவாகத் தோற்கடிப்பது காலராவின் கதை. நோயின் வேர் பாக்டீரியா சுரக்கும் நஞ்சுதான் என்பதை 1959-இல் கொல்கத்தாவில் சம்புநாத் டே முயல் குடலில் சோதித்துக் காட்டினார். அந்த நஞ்சு குடலைக் கிழிப்பதில்லை, செல்லைக் கொல்வதுமில்லை. குடல் செல்லுக்குள் ஒரு செய்தி மூலக்கூறின் அளவை ஓயாமல் ஏற்றிவிடுகிறது. அதன் விளைவாகச் சவ்வில் குளோரைடு வெளியேறும் வாயில் திறந்தது திறந்தபடியே நின்றுவிடுகிறது. குளோரைடைத் தொடர்ந்து சோடியமும், சோடியத்தைத் தொடர்ந்து நீரும் வெளியேறும். ஒரு நாளில் பத்து லிட்டருக்கும் மேல் நீர் போவதுண்டு. உட்கருவில் ஓர் எழுத்தும் மாறவில்லை, செல் உயிரோடுதான் இருக்கிறது, ஆனால் ஆள் இறந்துபோகிறார்.

மருந்தும் அதே சவ்வில்தான் இருந்தது. குடல் செல்லின் சவ்வில் குளுக்கோஸும் சோடியமும் ஒரே புரதத்தின் வழியாகச் சேர்ந்தே உள்ளே வருகின்றன என்று 1960-இல் பிராக் நகரில் நடந்த கூட்டத்தில் ராபர்ட் கிரேன் விளக்கினார். ஒரு குளுக்கோஸுக்கு இரண்டு சோடியம். காலரா நஞ்சு இந்த வழியைக் கெடுப்பதில்லை. அப்படியானால் வெறும் உப்பு நீரைக் கொடுப்பதைவிட, சர்க்கரையும் சேர்த்துக் கொடுத்தால் உப்பு உள்ளே போகும். பின்னாலேயே நீரும் போகும். 1968-இல் டாக்காவில் டேவிட் நேலினும் ரிச்சர்ட் காஷும் இதை நோயாளிகளிடம் நிரூபித்தார்கள். 1971-இல் வங்கதேசப் போரிலிருந்து தப்பிவந்த அகதிகள் நிறைந்த பங்காவ் முகாமில் காலரா பரவி, நரம்பு வழி ஏற்றும் சலைன் தீர்ந்துபோனபோது, திலீப் மகலாநபிஸ் உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி வைத்தார். உறவினர்களே மொண்டு கொடுத்தார்கள். 30 விழுக்காடு வரை போன இறப்பு விகிதம் 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. இந்தக் கரைசல் 20-ஆம் நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று 1978-இல் லான்செட் இதழ் மதிப்பிட்டது. தமிழ்நாட்டின் பங்கும் இதில் உண்டு. எளிதில் செரிக்காத மாவுச்சத்தைக் கரைசலில் சேர்த்தால், பெருங்குடல் பாக்டீரியாக்கள் அதைக் குறுங்கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அவை அங்குள்ள செல்களைச் சோடியம் உறிஞ்சத் தூண்டுகின்றன. இதனால் காலரா நோயாளிகளின் நீரிழப்பு குறைவதை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பி.எஸ். ராமகிருஷ்ணாவின் குழு நிறுவி, 2000-இல் வெளியிட்டது.

காலராவில் மூடாமல் நின்றுவிடும் அதே குளோரைடு வாயில், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயில் திறப்பதே இல்லை. நுரையீரலில் சளி கெட்டியாகிக் கிருமிகள் குடியேறுகின்றன. அதற்குரிய மரபணு 1989-இல் கண்டறியப்பட்டது; மரபணுவே எல்லாம் என்பவர்கள் பெருமையோடு சுட்டும் வெற்றி இது. சுட்டட்டும். ஆனால் மிகப் பரவலான அந்த மரபணுப் பிழையில் புரதம் உருவாகாமல் போவதில்லை. ஓர் அமினோ அமிலம் குறைந்து சரியாக மடியாததால், சவ்வை அடையும் முன்பே செல் அதைச் சிதைத்துவிடுகிறது. இன்று பயன்படும் மருந்துகள் மரபணுவைத் திருத்துவதில்லை. புரதத்தை மடித்துச் சவ்வில் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. அங்கே வாயிலைத் திறந்து வைக்கின்றன. நோயாளி மூச்சுவிடுகிறார்.

புரதங்களுக்குப் பெருமை உண்டு, லிப்பிடு வெறும் நிரவல் பொருள் என்று பின்வாங்கி நிற்போரும் உண்டு. அதுவும் நிற்காது. சவ்வின் இரு அடுக்குகளும் ஒரே சரக்கு இல்லை. பாஸ்பாட்டிடைல்செரின் என்ற லிப்பிடு வழக்கமாக உள் அடுக்கிலேயே வைக்கப்படுகிறது. செல் சாக முடிவெடுத்தால் அது வெளி அடுக்குக்கு வருகிறது. விழுங்கும் செல்கள் அதைக் கண்டு வந்து அப்புறப்படுத்துகின்றன. காயம்பட்ட இடத்தில் தட்டணுக்களின் வெளிப்பக்கம் இதே லிப்பிடு தோன்றினால்தான் இரத்தம் முறையாக உறையும். அது தோன்றாதவர்களுக்கு ஸ்காட் நோய்த்தொகுதி என்ற இரத்தக்கசிவு நோய் வருகிறது. குளிர் கூடினால் மீன்கள் சவ்வில் நிறைவுறாக் கொழுப்பைக் கூட்டிக்கொள்கின்றன. இல்லாவிட்டால் சவ்வு இறுகிப் புரதங்கள் வேலை செய்யா. நிரவல் பொருளுக்கு இத்தனை கணக்கு எதற்கு?

கடைசியாக, எதிர்த்தரப்பின் வலுவான வாதம்: சவ்வுப் புரதங்களுக்கும் லிப்பிடு செய்யும் நொதிகளுக்கும் குறிப்பு டி.என்.ஏ.வில்தானே இருக்கிறது? ஆம். மனிதனின் புரத மரபணுக்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சவ்வுப் புரதங்களுக்கானவை. ஆனால் அந்தப் புரதம் எந்தச் சவ்வில், எந்தப் பக்கம் பார்த்து அமர வேண்டும் என்பதை, ஏற்கெனவே இருக்கும் சவ்வோடு சேர்ந்துதான் செல் தீர்மானிக்கிறது. செல் சவ்வை வெறும் குறிப்பிலிருந்து புதிதாகக் கட்டுவதில்லை. இருக்கும் சவ்வை வளர்த்துப் பிரிக்கிறது. தாயின் முட்டைச் செல்லிலிருந்து பிள்ளைக்கு டி.என்.ஏ. மட்டும் வருவதில்லை, சவ்வும் வருகிறது. சவ்விலிருந்தே சவ்வு பிறக்கிறது என்பதை வலியுறுத்தியவர்களில் 1999-இல் நோபல் பெற்ற குந்தர் புளோபலும் ஒருவர்.

இதற்குச் சாட்சி சொல்வது மரபணுப் பொறியியலின் மிகப் பெரிய விளம்பர வெற்றியே. 2010-இல் கிரெய்க் வென்டரின் குழு 'செயற்கை செல்' செய்துவிட்டதாகத் தலைப்புச் செய்திகள் வந்தன. வேதிமுறையில் தயாரிக்கப்பட்டது மரபணுத் தொகுதி மட்டுமே. அதை உயிரோடிருந்த மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவின் செல்லுக்குள் செலுத்தினார்கள். சவ்வு, அதன் பம்ப்கள், வாயில்கள் எல்லாம் இரவல். 2016-இல் அதே குழு, உயிர்வாழத் தேவையான மரபணுக்களை 473 என்ற எண்ணிக்கைக்குக் குறைத்தது. அவற்றில் சுமார் 18 விழுக்காடு சவ்வுக்கானவை. மரபணுத் தகவலைப் பாதுகாத்து அடுத்த தலைமுறைக்குக் கடத்துவதற்கான மரபணுக்கள் சுமார் 7 விழுக்காடுதான். எதையெல்லாம் கழிக்கலாம் என்று கழித்துக்கொண்டே வந்தவர்களால் சவ்வின் மரபணுக்களைக் கழிக்க முடியவில்லை.

மருந்துக்கடைக்காரருக்கு இந்த விவாதமே தேவையில்லை. வயிற்று எரிச்சலுக்கான ஒமெப்ரசோல், இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், பல் பிடுங்கும் முன் போடும் லிக்னோகைன் ஊசி மூன்றும் சவ்வுப் புரதங்களைத்தான் தடுக்கின்றன. முதலாவது புரோட்டான் பம்பை, இரண்டாவது கால்சியம் வாயிலை, மூன்றாவது சோடியம் வாயிலை. சர்க்கரை நோய்க்குத் தரப்படும் டாபாகிளிஃப்ளோசின் தடுப்பது, காலரா நோயாளியைக் காப்பாற்றிய குளுக்கோஸ்–சோடியம் கடத்தியின் சிறுநீரக உறவை. குடலில் திறந்திருந்ததால் உயிர் காத்த குடும்பம், சிறுநீரகத்தில் மூடப்படுவதால் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. இன்று புழக்கத்தில் உள்ள மருந்துகளில் பாதிக்கும் மேல் குறிவைப்பது சவ்வுப் புரதங்களை.

பாடத்தை மாற்றப் பெரிய செலவு ஆகாது. எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை வகுப்பில் வைத்து, வயிற்றுப்போக்குக்கு உப்பு சரி, இதில் குளுக்கோஸ் எதற்கு என்று கேட்டுப் பாடத்தைத் தொடங்கலாம். 'தெம்புக்கு' என்றுதான் முதலில் பதில் வரும். அது தவறு என்று விளக்க ஆசிரியருக்கு உட்கருவும் வேண்டாம், டி.என்.ஏ.வும் வேண்டாம். கரும்பலகையில் குடல் செல்லின் சவ்வை ஒரு கோடாக வரைந்து, இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் ஒரே புரதத்தின் வழியாக அதைக் கடப்பதையும், பின்னாலேயே நீர் வருவதையும் காட்டினால் போதும். உட்கருவுக்கு அடுத்த வாரம் வரலாம்.